காலங்கடந்த மாலை

பரிசில் என்பது தமிழனுக்குப் புதிய சொல் அன்று. பாணனும் பொருநனும் கூத்தனும் புரவலன் வாயிலில் நின்ற நாளிலேயே, கொடுப்பவனின் கடமை யாது, கொள்பவனின் பெருமை யாது என்று வரையறுத்து வைத்த இனம் இது. அதியமான் நெடுமான் அஞ்சி, தன்னை நாடி வந்த பெருஞ்சித்திரனாரை நேரிற் காணாமலே பொருள் கொடுத்தனுப்பினான். வறுமையில் வாடிய புலவர்தான்; எனினும் அப்பொருளை ஏற்க மறுத்தார். ஏன் மறுத்தார்? கண்டு, கேட்டு, தகுதி தெரிந்து தருவதே பரிசில். காணாமல் தருவது கூலி. அந்த வேறுபாட்டை அறிந்திருந்தார் அவர்.

மன்னர்கள் மறைந்தனர், வாயில் மறையவில்லை. அன்று தகடூரில் இருந்த வாயில் இன்று டில்லியில் இருக்கிறது. ஆண்டுதோறும் அங்கே நடுவர்கள் கூடுகின்றனர். நாட்டிலேயே சிறந்த நடிகர் இவர் என்று அறிவிக்கின்றனர். அந்த அறிவிப்பைக் கேட்கும்போதெல்லாம் தமிழர் நெஞ்சில் ஒரு கேள்வி முளைக்கிறது: கண்டுதான் தருகிறார்களா?

கேள்விக்குக் காரணமானவர் பெயரைச் சொல்லத் தேவையில்லை, சொல்லாமலே நாடறியும். 1952ஆம் ஆண்டு 'பராசக்தி'யில் தோன்றிய நாள்தொட்டு, நடிப்பு என்றால் அவர், அவர் என்றால் நடிப்பு என்று தமிழகம் கொண்டாடிய சிவாஜி கணேசன், சிறந்த நடிகருக்கான தேசிய விருதை வாழ்நாளில் ஒருமுறையேனும் பெற்றாரில்லை. ஒரே ஒருமுறைகூட இல்லை! அயலார் இதைக் கேட்டால் நம்ப மறுப்பர்.

நம் பாசறையிலே தொடங்கி, வேறு பாசறைக்குச் சென்றவர் அவர். அண்ணா தீட்டிய 'சிவாஜி கண்ட இந்து இராஜ்யம்' நாடகத்தில் நடித்த கணேசனுக்குச் 'சிவாஜி' என்ற பெயரைச் சூட்டியவர் பெரியார். 'பராசக்தி'யில் அவர் நாவில் நடமாடியது கலைஞரின் தமிழ். பின்னர் அவர் விலகினார். காமராசரின் தலைமையை ஏற்றார். தேர்தல் மேடைகளில் நம்மை எதிர்த்துப் பேசினார். நாமும் அவரை எதிர்த்துப் பேசினோம். அரசியலில் அவர் எடுத்த முடிவுகளுக்கு வக்காலத்து வாங்க இக்கட்டுரை எழுதப்படவில்லை. கலைஞனுக்குத் தரவேண்டிய கடனைக் கட்சிக் கணக்கில் கழித்துக்கொள்ளக் கூடாது என்பதற்காகவே எழுதப்படுகிறது.

பதக்கம் இருந்தது, பகுதி இல்லை

குற்றம் சாட்டுமுன் கணக்கைச் சரிபார்ப்பது முறை. தேசியத் திரைப்பட விருதுகள் 1953ஆம் ஆண்டுப் படங்களுக்காக முதன்முதலில் வழங்கப்பட்டன. படத்துக்குப் பதக்கம் உண்டு; மொழிவாரியாகவும் உண்டு. 'மலைக்கள்ளன்' 1954ஆம் ஆண்டுக்கான குடியரசுத் தலைவரின் வெள்ளிப் பதக்கத்தைத் தமிழுக்குக் கொணர்ந்தது. ஆனால் நடிப்புக்கென்று ஒரு விருது இல்லை! சிறந்த நடிகர், சிறந்த நடிகை என்ற பகுதிகள் 1967ஆம் ஆண்டுப் படங்களிலிருந்துதான் தொடங்கின. அவ்வாண்டு வங்கத்தின் உத்தம் குமாரும், நர்கிசும் முதற் பரிசாளர்கள் ஆயினர்.

இடைப்பட்ட ஆண்டுகளை எண்ணிப் பாருங்கள். அந்தப் பதினான்கு ஆண்டுகள்தாம் சிவாஜி கணேசனின் பொற்காலம். 'அந்த நாள்', 'உத்தமபுத்திரன்', 'வீரபாண்டிய கட்டபொம்மன்', 'பாகப்பிரிவினை', 'பாசமலர்', 'கப்பலோட்டிய தமிழன்', 'கர்ணன்', ஒன்பது வேடம் பூண்ட 'நவராத்திரி', 'திருவிளையாடல்': அத்தனையும் அந்த இடைவெளியில் வந்தவை. 'பாகப்பிரிவினை' தமிழின் சிறந்த படமாக டில்லியால் தேர்வு பெற்றது. கை முடங்கிய கண்ணையனாகத் தோன்றி அந்தப் படத்தைத் தாங்கி நின்றவருக்குத் தர டில்லியிடம் எதுவும் இல்லை. 'கப்பலோட்டிய தமிழன்' படத்துக்கும் பரிசு கிடைத்தது. செக்கிழுத்த சிதம்பரனாராகவே மாறிக் காட்டியவருக்குக் கிடைக்கவில்லை. தேரைப் புகழ்ந்தார்கள், இழுத்தவனை மறந்தார்கள்.

அதே காலத்தில் டில்லிக்கு வெளியே என்ன நடந்தது? 1960இல் கெய்ரோ நகரில் நடந்த ஆசிய ஆப்பிரிக்கப் படவிழாவில், கட்டபொம்மனாக நடித்ததற்காகச் சிறந்த நடிகர் விருது சிவாஜிக்குக் கிடைத்தது. நைல் நதிக் கரையில் இருந்தவர்களுக்குத் தமிழ் தெரியாது. கயத்தாறு எங்கே என்றும் தெரியாது. ஆனாலும் நடிப்புத் தெரிந்தது. தெலுங்கிலும் தமிழிலும் கொடிகட்டிப் பறந்த எஸ்.வி. ரங்காராவை, 'நர்த்தனசாலா'வில் கீசகனாக நடித்ததற்காக ஜகார்த்தா படவிழா பாராட்டியது. நைல் கரையிலிருந்து பார்த்தவர்களுக்குத் தெரிந்தது, யமுனைக் கரையிலிருந்து பார்த்தவர்களுக்குத் தெரியவில்லை!

இந்த இழப்பு தமிழருக்கு மட்டும் நேர்ந்ததன்று. வங்கத்தின் சபி பிஸ்வாஸ் 1958இல் 'ஜல்சாகர்' படத்தில் வீழ்ந்துபட்ட ஜமீன்தாராக வாழ்ந்து காட்டினார். நடிப்புக்கு விருது பிறக்குமுன், 1962இல், மாண்டுபோனார். 'தோ பீகா ஜமீன்' படத்தில் கல்கத்தாவின் தெருக்களில் ரிக்‌ஷா இழுத்த பல்ராஜ் சாஹ்னிக்கு அந்த 1953இல் கொடுக்க ஒரு விருது இருக்கவில்லை. 'செம்மீன்' குடியரசுத் தலைவரின் தங்கப் பதக்கத்தைப் பெற்றது. அதில் நடித்த சத்தியனுக்குப் பதக்கம் இல்லை. நடிகையர் திலகம் சாவித்திரியின் சிறந்த நாட்கள் எல்லாம் 1967க்கு முன்பே கழிந்துவிட்டன. ஆகவே இதைத் தமிழர்மீது தொடுத்த வஞ்சனை என்று சொல்லிவிட்டு நாம் ஒதுங்கிவிட முடியாது. நடிப்பை ஒரு கலையாகவே மதிக்காத குறை இது. எல்லா மொழிக் கலைஞரையும் அது தாக்கியது.

பகுதி பிறந்தது, பார்வை பிறக்கவில்லை

1967க்குப் பின் வந்த கதை வேறு. அங்கேதான் கேள்வி கூர்மை அடைகிறது.

1968இல் 'தில்லானா மோகனாம்பாள்' வந்தது. தமிழின் சிறந்த படம் என்றது டில்லி. நாகசுரத்தை வாசிக்காமலே, வாசிப்பவனின் மூச்சையும் கழுத்து நரம்பையும் திரையில் காட்டிய சிக்கல் சண்முகசுந்தரத்துக்கு விருது இல்லை. மோகனாவாக ஆடிய பத்மினிக்கும் இல்லை. அவ்வாண்டு விருது இந்தி நடிகர் அசோக் குமாருக்குச் சென்றது. 1969இல் 'தெய்வ மகன்': தந்தை, இரு மைந்தர் என மூன்று வேடம்; மூன்று நடை, மூன்று குரல். அமெரிக்காவின் ஆஸ்கார் போட்டிக்கு இந்தியாவின் சார்பில் அனுப்பப்பட்ட முதல் தமிழ்ப் படம் அது. உள்நாட்டிலோ அவர் பெயர் ஒலிக்கவில்லை. 'புவன் ஷோம்' படத்தில் நடித்த உத்பல் தத்துக்கு விருது சென்றது. அவரும் மேதையே, அவர் பெற்றதில் நமக்குப் பொறாமை இல்லை.

1971இல் தமிழகத்துக்கு 'பாரத்' விருது வந்தது. 'ரிக்‌ஷாக்காரன்' படத்துக்காக மக்கள் திலகம் எம்.ஜி.ஆர். பெற்றார். உழைப்பாளியின் உருவம் உயர்ந்த மேடை ஏறியதில் உவகை கொண்டோர் பலர். அவ்வாண்டுத் தேர்தலில் தி.மு. கழகமும் இந்திரா காந்தியின் காங்கிரசும் தோழமை பூண்டிருந்தன. சிவாஜி கணேசனோ காமராசரோடு பழைய காங்கிரசில் நின்றார். இவ்விரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஐயுறுவோர் அன்றும் இருந்தனர், இன்றும் உள்ளனர். சான்று இன்றிக் குற்றம் சாற்றுவது நம் வழக்கம் அன்று. ஆனால் ஐயம் முளைக்க இடம் வைத்தவர் யார்? முடிவை மட்டும் முரசறைந்து, காரணத்தைக் கமுக்கமாக வைத்துக்கொள்ளும் முறை அன்றோ! அந்த முறையால் பெறாதவருக்கு இழப்பு, பெற்றவருக்கும் களங்கம்.

எல்லாவற்றையும் விட 1985ஆம் ஆண்டுதான் மறக்கவொண்ணாதது. 'முதல் மரியாதை' வெளிவந்தது. தமிழின் சிறந்த படம் என்று தேசிய விருது பெற்றது. பாடல் எழுதிய வைரமுத்து விருது பெற்றார். ஊர்ப் பெரியவராக, வாய்க்குள் வலியை விழுங்கிக்கொண்டு, ஒரு பார்வையில், ஒரு பெருமூச்சில் முதுமையின் தனிமையை உணர்த்திய சிவாஜிக்கு இல்லை. 'நியூ டெல்லி டைம்ஸ்' படத்தின் சசி கபூருக்கு அது போயிற்று. 1992இல் 'தேவர் மகன்' வந்தபோது நடுவர் குழுவின் சிறப்பு விருது என்ற ஆறுதல் அறிவிக்கப்பட்டது. நாற்பது ஆண்டு நடித்தவருக்கு ஆறுதல் பரிசு!

மிகை என்பது எது?

"அவர் நடிப்பு மிகை நடிப்பு, உரக்கப் பேசுவார், யதார்த்தம் போதாது" என்பர் சில திறனாய்வாளர். இந்த வாதத்தை ஒதுக்கிவிடக் கூடாது, எடுத்துப் பார்க்கவேண்டும்.

சிவாஜி கணேசன் திரைப்படக் கல்லூரியில் பயின்றவர் அல்லர். சிறு வயதிலேயே யதார்த்தம் பொன்னுசாமிப் பிள்ளையின் நாடகக் குழுவில் சேர்ந்து, பெண் வேடம் முதல் பல வேடம் தாங்கி வளர்ந்தவர். கொட்டகையின் கடைசி வரிசையில் தரையில் அமர்ந்திருக்கும் ஏழைக்கும் வசனம் எட்டவேண்டும், கண்ணசைவு தெரியவேண்டும். சொல்லுக்கு ஏற்றம் இறக்கம், அடிக்கு ஓர் அளவு, கைக்கு ஒரு பொருள்: அது ஒரு மரபு. கதகளிக் கலைஞன் கண்ணை உருட்டினால் அதை மரபு என்று வணங்குகின்றனர். தமிழ் நாடக மேடையிலிருந்து வந்தவன் கண்ணை உருட்டினால் மிகை என்று நகைக்கின்றனர். இது எந்த நாட்டு நீதி?

மேலும், அந்த நடிப்பின் உயிர் மொழியிலே இருக்கிறது. வரி, வட்டி, திறை என்று கட்டபொம்மன் வெகுண்டெழும்போது ஒவ்வொரு வல்லினத்திலும் ஓர் அடி விழுகிறது. தமிழ் தெரியாத நடுவர், திரையின் அடியில் ஓடும் ஆங்கில எழுத்தைப் படித்துக்கொண்டிருக்கையில், அந்த அடி அவர் செவியில் எப்படி விழும்? படித்து முடிப்பதற்குள் முகம் மாறிவிடும். முகத்தைப் பார்ப்பதற்குள் எழுத்து மறைந்துவிடும். சொல் குறைந்து மௌனம் மிகுந்த படங்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. ஆகவே மௌனமே நடிப்பு, பேச்சு மிகை என்ற ஓர் அளவுகோல், யாரும் திட்டமிடாமலே, தானாக உருவாகிவிடுகிறது. சரி, அந்த அளவுகோலையே எடுத்துக்கொள்வோம். 'முதல் மரியாதை' அந்த அளவுக்கும் பொருந்தியதே! அப்போதும் கிடைக்கவில்லையே!

வாயிலுக்கு முன்னே மறைந்தோர்

கதைத்தலைவனுக்கே இந்தக் கதி என்றால், துணை நின்றவர் கதி என்ன? துணை நடிகருக்கும் துணை நடிகைக்குமான தேசிய விருது 1984ஆம் ஆண்டுப் படங்களிலிருந்துதான் தொடங்கியது. அதற்குள் யார் யார் மறைந்துவிட்டனர் என்று பாருங்கள். சிரிக்க வைத்துச் சிந்திக்க வைத்த கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணன் 1957இல் மறைந்தார். 'மனோகரா'வின் கண்ணாம்பா 1964இல் மறைந்தார். டி.எஸ். பாலையா 1972இல், ரங்காராவும் சந்திரபாபுவும் 1974இல், மேடையிலும் திரையிலும் பொய்மையைப் புரட்டியெடுத்த நடிகவேள் எம்.ஆர். ராதா 1979இல். இவர்களில் ஒருவருக்கும் நுழைய ஒரு வாயில் இருக்கவில்லை.

வாயில் திறந்தபின் தமிழ்க் கலைஞர் நுழையத் தவறவில்லை. ஆயிரத்துக்கும் மேற்பட்ட படங்களில் நடித்த ஆச்சி மனோரமா 'புதிய பாதை'யால் பெற்றார். பிரகாஷ்ராஜ் 'இருவர்' படத்தால், தம்பி ராமையா 'மைனா'வால், அப்புக்குட்டி 'அழகர்சாமியின் குதிரை'யால், சமுத்திரக்கனி 'விசாரணை'யால் பெற்றனர். 2025இல் அறிவிக்கப்பட்ட பட்டியலில் 'பார்க்கிங்' படத்துக்காக எம்.எஸ். பாஸ்கர் பெயர் இருந்தது. சிறந்த நடிகர் பகுதியிலும் கமல்ஹாசன், விக்ரம், தனுஷ், சூர்யா எனத் தமிழ்ப் படங்களால் பெற்றோர் உளர். டில்லி நமக்குத் தரவே இல்லை என்று நாம் கூறவில்லை, கூறினால் பொய்யாகும். கண்ணைத் திறந்து பார்த்தபோது தந்தது. பாராத காலத்துக்குத்தான் கணக்குக் கேட்கிறோம்.

நாகேஷ் கதையைக் கேளுங்கள். 'சர்வர் சுந்தரம்' 1964, 'நீர்க்குமிழி', 'திருவிளையாடல்' தருமி இரண்டும் 1965, 'எதிர்நீச்சல்' 1968. தேசிய விருது வந்ததோ 1994ஆம் ஆண்டின் 'நம்மவர்' படத்துக்காக, அறுபது வயதைத் தாண்டியபின்! அதுவும் நகைச்சுவைக்காக அன்று. மகளை இழந்த தந்தையின் அழுகைக்காக. மூன்று தலைமுறையைச் சிரிக்க வைத்ததற்குப் பரிசில்லை. ஒருமுறை அழவைத்ததற்குப் பரிசு. நகைச்சுவை கலையன்று என்ற இந்த எண்ணம் இன்னும் மாறவில்லை. இன்றும் தமிழர் பேச்சிலே பாதி, கவுண்டமணியும் வடிவேலுவும் திரையில் சொன்ன சொற்கள். அவ்விருவரும் நடிப்புக்கான தேசிய விருது பெற்றாரில்லை.

இன்னொரு கதை, நெஞ்சை உறுத்துவது. சிவகாசிப் பக்கம் பிறந்து, குழந்தையாகவே தமிழ்த் திரையில் நுழைந்தவர் ஸ்ரீதேவி. 1982இல் 'மூன்றாம் பிறை'. நினைவிழந்து குழந்தையான பெண்ணாக அவர். காத்து நின்றவராகக் கமல்ஹாசன். கமலுக்குச் சிறந்த நடிகர் விருது கிடைத்தது, தகும். ஸ்ரீதேவிக்குக் கிடைக்கவில்லை. பின் எப்போது கிடைத்தது? 2018 பிப்ரவரியில் அவர் இறந்தார். ஏப்ரலில், 'மாம்' என்ற இந்திப் படத்துக்காக விருது அறிவித்தார்கள். மாலை வந்தது, கழுத்து இல்லை.

கடன் தீர்க்கும் வழி

"சிவாஜிக்குப் பால்கே விருது தந்தோமே!" என்பர் டில்லியார். ஆம், 1996ஆம் ஆண்டுக்குத் தந்தார்கள். அதற்கு முந்திய ஆண்டு பிரெஞ்சு அரசு செவாலியே பட்டம் தந்து முந்திக்கொண்டது. பால்கே விருது வாழ்நாள் தொண்டுக்கு வணக்கம். சிறந்த நடிகர் விருது ஒரு படைப்புக்குத் தீர்ப்பு. முன்னதைத் தந்ததால் பின்னது தீர்ந்துவிடாது.

அமெரிக்காவிலும் இந்தக் குறை உண்டு. ஆஸ்காருக்கு எட்டு முறை பரிந்துரைக்கப்பட்டும் வெல்லாதவர் பீட்டர் ஓ'டூல். 2003இல் அவருக்குக் கௌரவ விருது தர முன்வந்தபோது, இன்னும் போட்டியிலேயே வெல்லலாமே என்று முதலில் தயங்கினார் அவர், பின்னர்தான் ஏற்றார். எட்வர்ட் ஜி. ராபின்சன் ஒருமுறைகூடப் பரிந்துரைக்கப்பட்டவர் அல்லர். அவர் இறந்த இரண்டு மாதத்தில், 1973இல், கௌரவ விருதை வழங்கித் தங்கள் பிழையைப் பொதுமேடையில் ஒப்புக்கொண்டார்கள். பிழை நேர்வது இயல்பு. ஒப்புக்கொள்ளும் நெஞ்சுரம் வேண்டும். இறந்தார்க்கு விருது மரபில்லை என்று டில்லியும் கூறமுடியாது, ஸ்ரீதேவிக்குத் தந்திருக்கிறதே!

ஆகவே நாம் கேட்பவை சில. 1953 முதல் 1966 வரை நடிப்பு விருது இல்லாதிருந்த காலத்துக்கு, எல்லா மொழிகளின் அறிஞரும் அடங்கிய தனிக்குழு அமைத்து, ஆண்டுவாரியாக நடிப்பு விருதுகளை இன்று வழங்குக. துணை நடிப்புக்கு 1983 வரை அவ்வாறே செய்க. சிவாஜியோடு சபி பிஸ்வாஸும் சத்தியனும், சாவித்திரியோடு பிறமொழி அரசிகளும் அந்தப் பட்டியலில் இடம் பெறட்டும். இது தமிழனுக்கு மட்டும் கேட்கும் சலுகை அன்று.

அடுத்தது, தேர்வு முறை. 2010 முதல் ஐந்து மண்டலக் குழுக்கள் முதற்சுற்றைப் பார்க்கின்றன. அது நல்ல மாற்றம். எனினும் நடுவரை அமர்த்துவது செய்தி ஒலிபரப்பு அமைச்சகம். இறுதிச் சொல் மையக் குழுவின் சொல். வென்றவரைப் புகழ்ந்து இரண்டு வரி அச்சாகிறது. இறுதிவரை நின்றவர் யார், எதனால் விடப்பட்டார் என்பது வெளிவருவதில்லை. அது வெளிவரட்டும். இறுதிச் சுற்றுக்கு வரும் ஒவ்வொரு மொழிப் படத்துக்கும் அம்மொழி அறிந்த நடுவர் ஒருவர் அங்கே இருக்கட்டும். அரசமைப்புச் சட்டத்தில் தணிக்கை நீங்கலாகத் திரைத்துறை மாநிலப் பட்டியலில் உள்ளது. அவ்வாறிருக்க, நடுவரைத் தேர்ந்தெடுப்பதில் மாநிலங்களுக்குப் பங்கு ஏன் இல்லை?

டில்லியை நோக்கி விரல் நீட்டுமுன் நம் வீட்டையும் பார்ப்போம். தமிழ்நாடு அரசின் திரைப்பட விருதுகள், 2009 முதல் 2014 வரைக்குரியவை, 2022 செப்டம்பரில்தான் கலைஞர் கைக்குச் சேர்ந்தன. பதின்மூன்று ஆண்டு காத்தவர் உண்டு! ஆட்சிகள் மாறின, கோப்புகள் நகரவில்லை. ஆண்டுக்கொரு நாள் குறித்து, எந்த ஆட்சி வந்தாலும் அந்நாளில் விருது வழங்கச் சட்டம் செய்தால், டில்லியிடம் கேட்கும் நம் குரலுக்கு வலிமை கூடும்.

சிவாஜி கணேசன் 2001 ஜூலை 21இல் மறைந்தார். விருது கிடைத்தால் அவர் புகழ் ஓர் அங்குலம் வளரப்போவதில்லை. கிடைக்காததால் குறைந்ததும் இல்லை. குறைந்தது விருதின் மதிப்பு. அந்த மதிப்பை மீட்டுக்கொள்ளும் வாய்ப்பு டில்லியின் கையில் இருக்கிறது. இன்று நம்மிடையே நடித்துக்கொண்டிருக்கும் கலைஞருக்கேனும் மாலை கழுத்து இருக்கும்போதே வரட்டும். கண்டு, கேட்டு, தகுதி தெரிந்து தருவோர் கையால் வரட்டும். பரிசில் என்ற சொல்லுக்குத் தமிழன் வகுத்த பொருள் அதுவே.